கொசு ஒழிந்தது முதலில், தையல் மெஷின் வந்தது கடைசியில்: மொரீசியஸ் பெண்களின் கதை

போன மாதம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் இருந்த பெரியப்பா கேட்டார். "ஏம்மா, நீதான் டாக்டராச்சே. பொம்பளப் பிள்ளைங்க வேலைக்குப் போக ஆரம்பிச்சதாலதானே இப்ப வீட்டுக்கு ஒண்ணுன்னு நின்னுபோச்சு?"

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் என்ன பதில் சொல்வது? "பெரிய கதை பெரியப்பா" என்று சிரித்து வைத்தேன். அந்தப் பெரிய கதையை இங்கே எழுதுகிறேன். நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

கதை நடந்த இடம் மொரீசியஸ்.

இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே இருக்கும் தீவு. பரப்பளவு 1,865 சதுர கிலோமீட்டர். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தை விடக் கொஞ்சம்தான் பெரிசு. மக்கள்தொகை, பெண்கள் வேலை, அரசுத் திட்டம் மூன்றும் எந்த வரிசையில் நடந்தன என்று பார்க்க இதை விடத் தெளிவான ஊர் எனக்குத் தெரிந்து இல்லை. சின்ன ஊர், சென்சஸ் ஒழுங்காக எடுத்த ஊர். எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

அங்கே பூர்வகுடி என்று யாரும் கிடையாது. எல்லோருமே வந்தவர்கள்தான். டச்சுக்காரர்கள் வந்து, டோடோ பறவையை ஒழித்துவிட்டு, 1710ல் கிளம்பிப் போனார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். போர்ட் லூயி நகரத்தைக் கட்ட பாண்டிச்சேரியிலிருந்து கைவினைஞர்களைக் கூட்டிப் போனார்கள். தமிழர்கள் அப்போதே அங்கே உண்டு. 1810ல் பிரிட்டிஷார் பிடித்தார்கள். அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள். மொத்தம் சுமார் நாலரை லட்சம் பேர். பெரும்பாலோர் பீகார் பக்கம், அடுத்து நம்ம மதராஸ் மாகாணத்துத் தமிழர், தெலுங்கர். அவர்கள் இறங்கிய படித்துறைதான் ஆப்ரவாசி காட். 2006ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த நாட்டு ரூபாய் நோட்டில் இன்றைக்கும் தமிழ் எழுத்து இருக்கிறது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

கப்பலில் ஆட்கள் மட்டும் வரவில்லை. மலேரியாவும் வந்தது. 1860கள் வரை அந்தத் தீவில் மலேரியா இல்லை. 1866ல் ஆரம்பித்த கொள்ளைநோயில், 1867 என்ற ஒரே வருடத்தில் முப்பதாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். தீவின் மக்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவர். வசதியானவர்கள் போர்ட் லூயியை விட்டு கூர்பீப் போன மேட்டுப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். தோட்டத்துக் கூலிக்குப் போக்கிடம் ஏது? கொசுவோடுதான் வாழ்க்கை.

செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் இருக்கிறாரே, அவரையே 1907ல் மொரீசியஸுக்கு அழைத்தார்கள். வந்தார், பார்த்தார், 1908ல் அறிக்கை கொடுத்தார். சதுப்பை மூடு, வாய்க்காலை வெட்டு, ஊர் ஊராக மண்ணீரல் வீங்கிய பிள்ளைகளைக் கணக்கெடு. ஓரளவு செய்தார்கள். ஓரளவுக்குத்தான் பலன் கிடைத்தது.

இப்ப ஒரு கணக்கைக் கவனிங்க. 1901 சென்சஸில் 3 லட்சத்து 71 ஆயிரம் பேர். 1944ல் 4 லட்சத்து 19 ஆயிரம். 43 வருடத்தில் வெறும் 48 ஆயிரம்தான் கூடியிருக்கிறது. அந்தக் காலத்துப் பெண்கள் குறைவாகப் பெற்றார்கள் என்று அர்த்தமில்லை. பெற்றார்கள், புதைத்தார்கள். 1940களின் நடுவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 150 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை.

இரண்டாம் உலகப்போர் முடிந்தது. கையில் டிடிடி வந்தது. 1949லிருந்து வீடு வீடாக, சுவர் சுவராக அடித்தார்கள். மூன்றே வருடம். மலேரியா பரப்பிய இரண்டு முக்கியக் கொசு வகைகளில் ஒன்று தீவிலிருந்தே காணாமல் போனது. மற்றொன்று வீட்டுக்கு வெளியே ஒதுங்கியது. 1940களின் நடுவில் ஆயிரத்துக்கு 30ஐ ஒட்டி இருந்த இறப்பு விகிதம், பத்தே வருடத்தில் பாதிக்கும் கீழே போனது. முப்பதுகளில் இருந்த சராசரி ஆயுள் ஐம்பதைத் தொட்டது. ஐரோப்பிய நாடுகளுக்குத் தலைமுறைகள் பிடித்த வேலை இது.

இங்கே பலர் கவனிக்காத ஒரு மருத்துவ விஷயம் உண்டு. மலேரியா ஒழிந்தால் இறப்பு குறையும், அது எல்லோருக்கும் தெரியும். கூடவே பிறப்பும் கூடும். கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் கிருமி நஞ்சுக்கொடியிலேயே போய்த் தங்கும். ரத்தசோகை, கருச்சிதைவு, வயிற்றிலேயே குழந்தை இறப்பது எல்லாம் நடக்கும். நோய் போனதும் அந்தக் கர்ப்பங்கள் எல்லாம் உயிருள்ள பிரசவமாக முடிய ஆரம்பித்தன. 1950ல் அங்கே பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 50ஐ நெருங்கியது. மனுஷ உடம்பால் எட்டக்கூடிய உச்சத்துக்குப் பக்கம் அது.

விளைவு? 1944ல் 4 லட்சத்து 19 ஆயிரம். 1952ல் 5 லட்சம். 1962ல் 6 லட்சத்து 82 ஆயிரம். பதினெட்டு வருடத்தில் 2 லட்சத்து 63 ஆயிரம் பேர் கூடுதல். அதுவும் கரும்பைத் தவிர வேறு பிழைப்பே இல்லாத தீவில். ஏற்றுமதியில் கிட்டத்தட்ட எல்லாமே சர்க்கரைதான். அறுவடை முடிந்தால் வேலையும் முடிந்தது.

பிரிட்டிஷ் அரசாங்கம் பயந்துபோய் பிரிட்டனிலிருந்து நிபுணர்களை அழைத்தது.

ஒருவர் ரிச்சர்ட் டிட்மஸ். நாங்கள் ரத்த வங்கி பற்றிப் படிக்கும்போது அவர் பெயர் வரும். காசுக்கு ரத்தம் வாங்கினால் ரத்தமும் கெடும், சமூகமும் கெடும் என்று பின்னாளில் புத்தகம் எழுதினார். மொரீசியஸுக்கு வந்தது அதற்கு முன்னால். பிரையன் ஏபல்-ஸ்மித்துடன் சேர்ந்து அறிக்கை எழுதினார். இன்னொருவர் பொருளாதார மேதை ஜேம்ஸ் மீட். 1977ல் நோபல் பரிசு வாங்கியவர். இரண்டு அறிக்கையும் 1961ல் வெளிவந்தன.

அவர்கள் சொன்னது சுருக்கமாக: இப்படியே போனால் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் இந்தச் சின்னத் தீவில் கிட்டத்தட்ட 30 லட்சம் பேர் இருப்பார்கள். வேலை இருக்காது, சோறு இருக்காது. அமைதியான வளர்ச்சிக்கு வாய்ப்பு குறைவு என்று மீட் எழுதினார். அவருடைய கட்டுரைத் தலைப்பிலேயே மால்தஸ் பெயர் இருக்கிறது. மக்கள் பெருகுவார்கள், உணவு ஈடுகொடுக்காது, பஞ்சமும் நோயும் வந்து கணக்கை நேர் செய்யும் என்று சொன்ன அதே மால்தஸ்தான்.

இதற்கு நடுவில் 1960ல் அடுத்தடுத்து இரண்டு புயல்கள், அலிக்ஸும் கரோலும். ஓலை வீடுகள், தகர வீடுகள் எல்லாம் போச்சு. நிபுணர்கள் பயந்ததில் ஆச்சரியமில்லை.

டிட்மஸ் குழு குடும்பக் கட்டுப்பாட்டை அரசே எடுத்து நடத்த வேண்டும், மூன்று குழந்தைகளோடு நிறுத்தும் குடும்பத்துக்கு உதவி வேண்டும் என்றது. உடனே எல்லாப் பக்கமும் எதிர்ப்பு. தீவில் நாலில் ஒருவருக்கு மேல் கத்தோலிக்கர்கள். சபை ஒப்புக்கொள்ளவில்லை. மற்ற மதங்களிலும் முணுமுணுப்பு.

மதம் மட்டும் காரணம் இல்லை. எண்ணிக்கை அரசியலும் இருந்தது. "நாம் குறைத்தால் அவர்கள் கூடிவிடுவார்களே" என்ற பயம். கேட்ட மாதிரி இருக்கா? அங்கே அது வெறும் பேச்சு இல்லை. சமூகங்களின் எண்ணிக்கையைப் பார்த்து, தேர்தலில் தோற்றவர்களில் சிலருக்குச் சட்டசபை இடம் கொடுக்கும் ஏற்பாடே உண்டு. அந்தக் கணக்கு இன்றைக்கும் 1972 சென்சஸை வைத்துத்தான் போடப்படுகிறது. அதற்குப் பிறகு சென்சஸில் சமூகம் எது என்று கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசுவது வெடிமருந்துக் கிடங்கில் தீக்குச்சி உரசுவது மாதிரி.

இந்த நேரத்தில் தலைமையில் இருந்தவர் சிவசாகர் ராம்கூலம். பீகாரிக் கூலியின் வம்சம். லண்டனில் படித்த மருத்துவர். ஆமாம், நம்ம டாக்டர் ஆளுதான். 1968 மார்ச் 12ல் சுதந்திரம் கிடைத்தபோது முதல் பிரதமர் அவரே. சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்னால் போர்ட் லூயியில் இனக் கலவரம் நடந்து பிரிட்டிஷ் படை இறங்கியிருந்தது. ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை.

குடும்பக் கட்டுப்பாட்டில் அவருடைய அரசு என்ன செய்தது? யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. தீவில் ஏற்கெனவே இரண்டு தன்னார்வ அமைப்புகள் இருந்தன. ஒன்று 1957ல் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம். மாத்திரை, லூப், ஆணுறை எல்லாம் கொடுப்பவர்கள். இன்னொன்று 1963ல் கத்தோலிக்கர்கள் தொடங்கிய ஆக்சியோன் ஃபமிலியால். செயற்கை முறை கூடாது, உடல் வெப்பத்தைக் குறித்து வைத்து 'பாதுகாப்பான நாள்' பார்க்கும் முறை மட்டும். அரசாங்கம் இரண்டுக்கும் பணம் கொடுத்தது! உனக்கு எது சரியோ அதைச் செய், எங்கே போனாலும் யாராவது ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்.

வெப்பமானி முறை தோற்கிற வாய்ப்பு அதிகம். என்னிடம் வருகிறவர்களுக்கு அதை மட்டும் நம்புங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே அது ஒரு பெரிய வேலையைச் செய்தது என்று நினைக்கிறேன். 'எத்தனை குழந்தை என்பது நாம் முடிவெடுக்கிற விஷயம்' என்ற எண்ணத்தைக் கோயிலுக்குப் போகிற குடும்பத்துக்குள்ளும், சர்ச்சுக்குப் போகிற குடும்பத்துக்குள்ளும் ஒரே நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1972ல் சங்கத்தின் கிளினிக்குகளை சுகாதார அமைச்சகமே எடுத்துக்கொண்டது. தாய்சேய் நல மையத்தில் தடுப்பூசி போட வரும் அம்மாவுக்கு அங்கேயே மாத்திரையும் கிடைத்தது.

இனி வருவதுதான் பெரியப்பா கேள்விக்கான பதில்.

1962ல் மொரீசியஸ் பெண் ஒருவர் வாழ்நாளில் பெற்ற குழந்தைகள் சராசரியாக 6க்குப் பக்கம். 1972ல்? மூன்றரைக்கும் கீழே. பத்தே வருடம். கட்டாயம் கிடையாது, அபராதம் கிடையாது, எமர்ஜென்சி காலத்து வட இந்தியா மாதிரி ஆளைப் பிடித்து ஆபரேஷன் செய்த கதையும் கிடையாது. அந்தக் காலத்தில் உலகிலேயே மிக வேகமான சரிவுகளில் இது ஒன்று.

அந்தப் பத்து வருடத்தில் பெண்கள் வேலைக்குப் போனார்களா?

இல்லை. 1962ல் வேலை செய்த, வேலை தேடிய பெண்கள் ஆறு பேரில் ஒருவரை ஒட்டித்தான் இருந்தார்கள். 1972ல் ஐந்தில் ஒருவர். அதிலும் பெரும்பகுதி கரும்பு வயல் கூலியும் வீட்டு வேலையும். பின்னால் பெயர் வாங்கிய ஆயத்த ஆடை ஆலைகள் அப்போது விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன.

அப்படின்னா எது குறைத்தது? மூன்று விஷயங்களைச் சொல்வேன். ஒன்று, பெற்ற குழந்தை பிழைத்தது. 1960 வாக்கில் சிசு மரணம் ஆயிரத்துக்கு சுமார் 70 ஆகியிருந்தது. இரண்டு தங்கணும்னா நாலு பெறணும் என்ற கணக்குக்கு இனி தேவையில்லை என்று அம்மாக்களுக்குப் புரிய ஒரு பத்துப் பதினைந்து வருடம் பிடித்தது. இரண்டு, பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். தொடக்கக் கல்வி இலவசம், 1950களில் பள்ளிக்கூடங்கள் வேகமாகப் பெருகின. டிடிடி அடித்த காலத்தில் பிறந்த பெண்தான் 1960களின் கடைசியில் கல்யாண வயதுக்கு வந்தவள். கொசுவால் சாகாதவள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள். கல்யாண வயதும் இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போனது. மூன்றாவது, அவள் கேட்டபோது கிளினிக் இருந்தது.

இன்னொன்றும் உண்டு, அதை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. கருக்கலைப்பு. 2012ல் சட்டம் திருத்தப்படும் வரை அங்கே எந்தக் காரணத்துக்காகவும் சட்டப்படி கருக்கலைப்பு செய்ய முடியாது. அதனால் நடக்கவில்லையா? மறைவில் நடந்தது. ரத்தப்போக்கோடும் சீழோடும் அரசு மருத்துவமனைக்கு வந்தார்கள். வரைபடத்தில் கோடு அழகாகக் கீழே இறங்குகிறதே, அதில் இந்தப் பெண்களும் இருக்கிறார்கள். கருப்பை சீழ்பிடித்து வரும் கேஸை ஒருமுறை பார்த்தவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்து உடனே கைதட்டமாட்டார்கள்.

ஆக, முதலில் மலேரியா போனது. பிறகு பள்ளிக்கூடமும் கிளினிக்கும். பிறகு பிறப்பு பாதியானது. இத்தனைக்கும் பிறகுதான் தையல் மெஷின்.

அது எப்படி வந்தது? சுதந்திரத்துக்குப் பிறகு வேலையில்லாத இளைஞர்கள் தெருவில். 1960களின் முடிவில் எட்வார்ட் லிம் ஃபாட் என்ற சீன வம்சாவளிப் பேராசிரியர், தைவான் மாதிரி ஏற்றுமதி மண்டலம் போடலாம் என்று யோசனை சொன்னார். 1970ல் சட்டம் வந்தது. வேறு நாடுகளில் இப்படிப்பட்ட மண்டலத்தைச் சுற்றி வேலி போட்டிருப்பார்கள். இங்கே முழுத் தீவுமே மண்டலம். எந்தக் கிராமத்திலும் ஆலை போடலாம். நூலும் துணியும் வரியில்லாமல் வரும், தைத்துக் கப்பலில் ஏற்றினால் சில வருடங்களுக்கு வருமான வரியும் இல்லை. அரசாங்கம் நினைத்தது என்னவோ வேலையில்லாத ஆண்களுக்கு வேலை கிடைக்கும் என்று. முதலாளிகள் எடுத்தது பெண்களை.

ஏன்? திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'பொறுமை, மெல்லிய விரல்' என்றெல்லாம் சொல்வார்கள். நிஜக் காரணம் கூலி. சட்டமே பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை ஆண்களை விடக் குறைவாக வைத்திருந்தது. ஏற்றுமதி மண்டலத்துக்கு மட்டும் தொழிலாளர் சட்டத்தில் தனிச் சலுகைகள். வாரம் பத்து மணி நேரம் வரை ஓவர்டைம், மாட்டேன் என்று சொல்ல முடியாது. வேலையை விட்டு நீக்குவது சுலபம். பெண்களை இரவு வேலைக்கு வைக்கலாம்.

ஹாங்காங் முதலாளிகள் வந்தார்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இவ்வளவு துணிதான் வாங்குவோம் என்று கோட்டா போட்டிருந்த காலம். ஹாங்காங்கின் கோட்டா தீர்ந்தால் மொரீசியஸ் முத்திரையில் அனுப்பலாம். 1970களின் நடுவில் சர்க்கரை விலை எகிறியபோது லாபம் பார்த்த உள்ளூர் தோட்ட முதலாளிகளும் அந்தப் பணத்தில் ஆலை போட்டார்கள். கம்பளி ஸ்வெட்டர் ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்றாக அந்தத் தீவு வந்தது. கம்பளிக்கான ஆட்டு மந்தை அங்கே கிடையாது!

1983ல் ஏற்றுமதி ஆலைகளில் சுமார் 25 ஆயிரம் பேர். 1990 வாக்கில் சுமார் 90 ஆயிரம். ஆரம்பத்தில் ஐந்தில் நாலு பேர் பெண்கள். 1984ல் ஆண்களுக்கான அதிகக் குறைந்தபட்சக் கூலியை அந்த மண்டலத்தில் எடுத்த பிறகு ஆண்களும் சேர ஆரம்பித்தார்கள். அதாவது பெண்ணின் கூலியை ஆண் அளவுக்கு உயர்த்தவில்லை, ஆணின் கூலியைப் பெண் அளவுக்கு இறக்க வழி செய்தார்கள். சமத்துவத்தை இப்படியும் கொண்டுவரலாம் பாருங்க.

விடியும் முன்னால் சமைத்து வைத்துவிட்டு கம்பெனி வேன் ஏறி, இருட்டிய பிறகு திரும்பும் வாழ்க்கை. ஸ்வெட்டரில் கண்ணி கண்ணியாகக் கோத்து இணைக்கும் வேலை இருக்கிறதே, கண்ணைப் பிழிந்து எடுக்கும். கழுத்து வலி, தோள்பட்டை, மணிக்கட்டு மரத்துப்போவது. தையல் வேலை செய்யும் பெண்கள் என் ஓபிக்கு வந்து சொல்வதும் இதையேதான். வீட்டு வேலை குறைந்ததா என்று கேட்காதீர்கள்.

அதே நேரம் இதை வெறும் சுரண்டல் என்று முடிக்கவும் எனக்கு மனசு வரவில்லை. மொரீசியஸில் பிரெஞ்சுக்காரர் காலத்து நெப்போலியன் சட்டம் இருந்தது. கல்யாணமான பெண் சட்டத்தின் கண்ணில் மைனர் மாதிரி. கணவனின் அதிகாரத்துக்கு உட்பட்டவள். ஆலையில் உழைத்து மாதச் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு, தன் சொத்து பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை முழுதாக இல்லை. 1980களின் தொடக்கத்தில்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பெண்கள் ஆயிரக்கணக்கில் சம்பளக் கவரோடு வீட்டுக்குப் போன அதே காலம். கரும்பு வயலில் பாட்டி சம்பாதித்தது தாத்தாவின் கைக்குப் போனது. பேத்தி சம்பாதித்ததில் வீட்டுக்கு கான்கிரீட் கூரை வந்தது, தம்பி தங்கைக்குப் படிப்பு வந்தது. 1975ல் மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1977லிருந்து உயர்நிலைக் கல்வியும் இலவசம்.

1980களின் முடிவில் வேலையின்மை கிட்டத்தட்ட இல்லாமலே போனது. ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லாத தீவு, இப்போது ஆள் கிடைக்காமல் தவித்தது. 1990ல் மூன்றில் ஒரு பெண்ணுக்கு மேல் வேலைச் சந்தையில். பிறப்போ 1980களிலேயே பெண்ணுக்கு இரண்டு குழந்தை என்ற அளவுக்கு வந்துவிட்டது.

நோபல் பரிசுக்காரர் கணிப்பு பொய்த்ததா? கேலி பேசுவது சுலபம். ஆனால் 'ஒன்றும் செய்யாவிட்டால்' என்ற நிபந்தனையோடுதான் அவர்கள் சொன்னார்கள். செய்தார்கள், அதனால் நடக்கவில்லை. 2000ல் தீவில் 30 லட்சம் இல்லை, சுமார் 12 லட்சம்தான். நோயாளியிடம் "சிகரெட்டை விடலைன்னா அஞ்சு வருஷம்தான்" என்று நான் சொல்லி, அவர் விட்டுவிட்டு இருபது வருடம் வாழ்ந்தால் என் கணிப்பு தப்பு என்று யாராவது சொல்வார்களா?

எழுத்தாளர் நைபாலும் 1970களின் தொடக்கத்தில் அங்கே போய், நெருக்கியடித்த கொட்டடி என்று தலைப்பு வைத்து நம்பிக்கையில்லாமல் எழுதினார். நர்ஸ் வேலைக்கு லண்டன் போகத் துடித்த இளைஞர்களைப் பற்றி எழுதினார். போன நர்ஸ்கள் நிறைய. ஆனால் தீவு அவர் நினைத்த மாதிரி முடியவில்லை.

நோய்களும் மாறின. மலேரியா போன இடத்தில் சர்க்கரை நோய் உட்கார்ந்துகொண்டது. ஐந்தில் ஒரு பெரியவருக்கு சுகர். 1987ல் ரேஷன் சமையல் எண்ணெயில் பாமாயிலைக் குறைத்து சோயா எண்ணெயாக்கி, ஊர் முழுவதற்கும் கொலஸ்ட்ரால் குறைத்தார்கள். அது தனி த்ரெட். இன்னொரு நாள் எழுதுகிறேன்.

2005 ஜனவரியில் உலகத் துணிக் கோட்டா முடிவுக்கு வந்தது. ஹாங்காங் முதலாளிகள் அதற்கு முன்னாலேயே மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஐரோப்பா சர்க்கரைக்குக் கொடுத்த கூடுதல் விலையையும் வெட்டியது. ஆலைகள் மூடின. பத்தொன்பது வயதில் சேர்ந்த பெண், நாற்பது தாண்டிய பிறகு, கழுத்து வலியோடு வெளியே வந்தாள். தீவில் புதிதாக முளைத்த கால் சென்டரும் வங்கியும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் மகளைத்தான் கூப்பிட்டன. மிச்சமிருந்த ஆலைகளில் இப்போது வங்கதேசம், இந்தியா, மடகாஸ்கர் என்று வெளியூர்த் தொழிலாளர்கள் தங்குவிடுதியில் இருந்து தைக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வந்த கூலிகள் கட்டிய தீவுக்கு மறுபடியும் ஒப்பந்தத்தில் கூலிகள்.

குழந்தைப் பிறப்பு இப்போது பெண்ணுக்கு சுமார் 1.4. 2011 சென்சஸில் 12 லட்சத்து 37 ஆயிரம் பேர். 2022ல் 12 லட்சத்து 35 ஆயிரம். வளரவே இல்லை. ஒரு காலத்தில் மூன்றோடு நிறுத்து என்று யோசனை கேட்ட அரசாங்கம், பின்னாளில் குழந்தை பெற்றவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்துப் பார்த்தது.

இதற்கும் பெண்கள் வேலைக்குப் போவதுதான் காரணம் என்று அங்கேயும் சொல்கிற பெரியப்பாக்கள் இருப்பார்கள். அவர்களிடம் 1962க்கும் 1972க்கும் நடுவில் இருந்த ஆலைகளைக் காட்டச் சொல்லுங்கள். இன்றைக்கு ஒன்றோடு நிறுத்துவதில் வேலைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் பெண்ணின் குழந்தையைப் பார்க்க யார் இருக்கிறார்கள், வீட்டில் பாத்திரம் யார் தேய்க்கிறார்கள், பிரசவம் முடிந்து வந்தால் அந்த வேலை இருக்கிறதா? இவை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. வேலையை மட்டும் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியாக ஒன்று. மொரீசியஸில் வயதானவர்களுக்கான ஓய்வூதியம் 1950ல் தொடங்கியது. 1958ல் ஏழை பணக்காரர் பார்க்காமல் எல்லோருக்கும் என்று ஆனது. 2025 வரை அறுபது வயதானால் போதும் என்று இருந்தது, எங்கே வேலை பார்த்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சம்பளச் சீட்டே பார்க்காத பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது பிரதமராக இருப்பவர் நவீன் ராம்கூலம். சிவசாகர் ராம்கூலத்தின் மகன். இவரும் மருத்துவம் படித்தவர்தான். அப்பா டாக்டர் காலத்தில் பிரச்சினை, பிறப்பவர்கள் அதிகம். மகன் டாக்டர் காலத்தில், பிறப்பவர்கள் போதாது, ஓய்வூதியத்துக்குப் பணம் கட்ட ஆள் குறைகிறது. 2025 ஜூன் பட்ஜெட்டில் அந்த ஓய்வூதிய வயதை 60லிருந்து படிப்படியாக 65 ஆக்குவதாக அறிவித்தார். மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

1966ல் பிறந்த பெண்ணுக்கு 2026ல் அறுபது. அவளுக்கு இருபது வயதான 1986ல்தான் ஆலைகள் ஆள் தேடி கிராமம் கிராமமாக வேன் அனுப்பிக்கொண்டிருந்தன.